மானம் கைவிட்ட அத்தியாயம்

நெதர்லாந்தில் மழை பெய்தால் மன்னிப்புக் கேட்கிறார்கள். என் பேராசிரியர் குடையை உதறியபடி "ஸ்லெஹ்ட் வேர், மன்னிக்கணும்" என்று சொன்னபோது ஏதோ செடியின் வேரைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். கெட்ட வானிலை என்று அர்த்தமாம். ராஜபாளையத்துக்காரியான எனக்கு இது புரியவே இல்லை. எங்கள் பக்கம் மழை வராவிட்டால்தான் கெட்ட வானிலை. அந்த வராத மழையைத்தான் தொண்ணூறுகளின் நடுவில் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தேன். வறட்சியால் நாடுவிட்டு நாடு போகிறவர்களுக்குச் சர்வதேசச் சட்டம் என்ன பாதுகாப்பு தரும் என்பது கேள்வி. ஒன்றும் தராது என்பது பதில். அகதி என்றால் துரத்தியவன் ஒருவன் வேண்டும். "யார் துரத்தினார்கள்?" என்று பேராசிரியர் வாராவாரம் கேட்பார். நான் மழையைக் கைகாட்டுவேன், அவர் சிரிப்பார்.

பிறகு ஒருவழியாக ஆள் அகப்பட்டார். சுந்தரபாண்டியத்தில் மானாவாரி நிலத்தைப் போட்டுவிட்டு மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய சுப்பையா அண்ணாச்சியை விடுமுறையில் பேட்டி எடுத்திருந்தேன். கேசட்டுகளைத் திரும்பக் கேட்கச் சோம்பல்பட்டு, உடன் படித்த சென்னைக்காரி மாலதியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அவளுடைய ஆங்கிலத்தில் அண்ணாச்சி, "என் கௌரவம் போய்விட்டது. அதன்பின் ஊரில் எப்படி வாழ்வது?" என்றார். பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஊரே அவமானப்படுத்தி விரட்டியிருக்கிறது, இனி உன் அத்தியாயம் நிற்கும் என்றார். மூன்று மாதம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். அது தேறினால் அந்த ஆண்டே பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம்.

அடிக்குறிப்புக்காகக் கேசட்டைப் போட்டவள் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். அண்ணாச்சி சொல்லியிருந்தது இதுதான்: "மானம் கைவிட்டுருச்சு தாயி. பொறவு ஊர்ல எப்படி இருக்க?" எங்கள் பக்கம் வானத்தை மானம் என்றுதான் சொல்வோம். மாலதிக்கு அது தெரியாது. தெரிந்த நான் காது கொடுக்கவில்லை.

பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி அண்ணாச்சி வீட்டுக்கே போனேன்.

"அண்ணாச்சி, ஊர்ல ஒங்கள யாரும் அவமானமாப் பேசுனாகளா?" என்று கொஞ்சம் ஆசையோடு கேட்டேன்.

"என்னய யாரு பேசப் போறா? மழ இல்ல, போனேன். எம்புட்டு நாளைக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடக்க?"

"சட்டத்துல அதுக்கு எடமில்லையாம்."

"அப்ப மழ மேல கேசு போடச் சொல்லு." சிரித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "அது கெடக்கட்டும் தாயி. ஒன்னய யாரு தொரத்துனா? அம்புட்டு தூரத்துல போயிக் கெடக்கியே."

"படிக்கப் போனேன் அண்ணாச்சி."

"படிப்பு முடிஞ்சா வந்துருவேல்ல?"

"வந்துருவேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

திரும்பிப் போய்ப் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். நாற்பது பக்கமும் குப்பைக்குப் போயின. அவர் கோபப்படவில்லை, இன்னும் ஓர் ஆண்டு ஆகும் என்றார். தங்கும் அனுமதியை நீட்டிக்க ஒரு படிவம் தந்தார்கள். ஏன் நாடு திரும்ப இயலவில்லை என்று அதில் ஒரு கட்டம். 'ஆய்வு முடியவில்லை' என்று எழுதினேன். எழுதும்போது, இன்னும் ஓர் ஆண்டு இங்கேயே இருக்கலாம் என்று எனக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததே பயமாகவும் இருந்தது. மை காய்வதற்குள் அதே மேசையில் ஏரோகிராமை விரித்து, அதே பேனாவால் அம்மாவுக்கு 'சீக்கிரம் வந்துவிடுவேன்' என்று எழுதினேன். இரண்டிலும் பொய் இல்லை.