அப்பா விழுங்கிய வரி

எனக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, கொடுத்த வருடம் உலகத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் சத்தமே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

தூத்துக்குடியில் அந்நாளில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வரமாட்டா. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்குச் சரக்கு கொண்டுபோவதும் அங்கிருந்து இறக்கிக்கொண்டு வருவதும் தோணிகள்தாம். அப்பா அப்படி ஒரு தோணிக்குத் தண்டல். தோணியும் அதில் வேலை செய்கிறவர்களும் அவர் பொறுப்பு. கடலில் அவர் போடும் சத்தம் கரைவரை கேட்கும் என்பார்கள். வீட்டில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்தது செபம்தான்.

கோயிலில் சாயங்கால மணி அடித்தால் எங்கள் வீட்டில் எல்லாம் நின்றுவிடும். அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள். அப்பா உப்புத்தண்ணீர் போகக் கை கால் கழுவி, வேட்டி மாற்றி, மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார். அண்ணன் அவருக்கு எதிர்ப்புறம் நிற்பான். யுத்த காலம் என்பதால் வெளிச்சம் தெருவுக்குத் தெரியாதபடி விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் கட்டியிருக்கும். காய்ச்சல், கடல் சீற்றம், ரேஷன் அரிசி தீர்ந்துபோனது என்று எந்தக் காரணமும் அந்தச் செபத்தை நிறுத்தியதில்லை. எனக்கு முழங்கால் வலிக்கும். செபம் முடிந்து அப்பா என் நெற்றியில் சிலுவை வரையும்போது வலி போய்விடும். அடுத்தது சாப்பாடு.

செபமாலையில் மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். முதல் பாதி அப்பாவுக்கு, மறுபாதி எங்களுக்கு. இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தை மட்டும் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முழுதாகச் சொல்லுவோம். ஆனால் அதில் ஓரிடத்தில், பிறர் செய்த தீமையை நாங்கள் பொறுத்து மன்னிப்பதாக ஆண்டவரிடம் சொல்லும் வரியில், அப்பா வாயை மூடிக்கொள்வார். அண்ணனும் மூடிக்கொள்வான். அம்மாவும் நானும் மட்டும் அதைச் சொல்லுவோம். அந்த இடத்தில் அம்மாவின் குரல் கொஞ்சம் உயரும். வரி முடிந்ததும் அப்பா மறுபடி சேர்ந்துகொள்வார், அண்ணனும்தான். இதில் எனக்கு எந்த விசித்திரமும் தோன்றவில்லை. பிரியதத்த மந்திரத்தில் பங்கு இருப்பதுபோல இதிலும் பங்கு உண்டு, அந்த வரி பொம்பளைகளுக்கு உரியது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவன் அவன். கிறிஸ்மஸ் பூசையில் அவன் பாடினால் வெளியே நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவனைக் கடலில் இறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக் கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பதில் அவருக்கு ஈடு அந்தக் கரையில் இல்லை. ஒரு நாள் அப்பாவுக்குத் தெரியாமல் மாமா அண்ணனை வள்ளத்தில் கூட்டிப்போனார். பழக்கமில்லாத அண்ணன் ஆழத்துக்குப் போய்விட்டான். மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம். பிறகு காய்ச்சல், சீழ். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தும் காது போய்விட்டது. மாமாவைப் பார்த்து அப்பா, “இனிமே என் வாசப்படிய மிதிக்காத” என்றார். மாமா பெண்டாட்டியின் ஊரான தருவைகுளத்துக்குக் குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

காது கேட்காத அண்ணன் செபத்தை விடவில்லை. அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே, அது அசையும் வேகத்துக்குத் தன் குரலை ஓட்டுவான். குரல் சில நேரம் மிக உயரமாகவும் சில நேரம் கரகரப்பாகவும் போகும். அதற்காகத்தான் அப்பாவுக்கு நேர் எதிரே நிற்பான்.

புதுநன்மைக்கு ஞானோபதேசம் படிக்க நான் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத குணம் எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்த பையன்களிடம், “அந்த வரி ஆம்பளைகளுக்குக் கெடையாது, தெரியுமா” என்று சொல்லிவைத்தேன். ஒரு வரி குறைகிறது என்றால் எந்தப் பையன் வேண்டாம் என்பான்? மறுநாள் பாடம் நடத்திய உபதேசியார் பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொன்னபோது, அந்த இடத்தில் பையன்கள் பக்கம் மொத்தமாக அடங்கிவிட்டது.

“ஏலே, எல்லாப் பயலும் ஏன் வாய மூடிட்டிய?” என்றார் உபதேசியார்.

எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன. நான் எழுந்து, “எங்க அப்பா சொல்லமாட்டாவ. அண்ணனும் சொல்லமாட்டான்” என்றேன், சாட்சியோடு வழக்கை வென்றவளைப் போல. அவர் அடிப்பார் என்று பையன்கள் காத்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “உக்காரும்மா” என்றார். பிறகு எல்லோரையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதில் விஷயம் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், அங்கிருந்து குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அது ஆம்பளைகளுக்கு இல்லன்னு யாருளா ஒனக்குச் சொன்னது?”

“அப்பா சொல்லமாட்டக்காவல்லா?”

அம்மா பக்கத்தில் வந்தாள். என் தலையில் கையை வைத்தாள். பிறகு அதே கையால் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அம்மா சொல்லாததால் அண்ணனிடம் போனேன். அவன் கொல்லையில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்து, அந்த வரியை அவன் ஏன் சொல்லுவதில்லை என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்ட பிறகு அவனுக்குப் புரிந்தது. கயிறு கையிலேயே நின்றது.

“அப்பா வாய மூடுன பொறவு நான் எப்படிச் சொல்ல?” என்றான், அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி.

“ஒனக்கு மாமா மேல கோவமா?” என்று, குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டதைப் பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினான். மறுபடி கயிற்றை முறுக்கத் தொடங்கினான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மணி அடித்தது, முழங்காலில் நின்றோம். அந்த இடம் வந்தது. அப்பாவின் உதடு மூடியது. அண்ணன் நிற்கவில்லை. அம்மாவையும் என்னையும் அமுக்கிவிட்டு அவன் குரல் மட்டும் எழுந்தது. அதில் ராகமும் இல்லை, அளவும் இல்லை. பாடிப் பேர் வாங்கிய அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். செபம் எப்படியோ மேலே போய் முடிந்தது. என் நெற்றியில் சிலுவை போடும்போதும் அவர் கண் அண்ணன்மேலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்குவதைவிட அரிசியைப் பொறுக்குவது சுலபம். அப்பாவும் அம்மாவும் அடுக்களை வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

“மனசுல இல்லாதத நான் எப்படி ஆண்டவருகிட்டச் சொல்ல? பொய் சொல்லச் சொல்லுதியா?” என்றார் அப்பா.

“பொய் சொல்லச் சொல்லல” என்றாள் அம்மா. “மனசு வந்த பொறவுதான் செபம்னா நாம ஏன் தெனமும் முட்டி போடணும்? வருசத்துக்கு ஒருக்கா போட்டாப் போதுமே.”

அப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். அம்மா குரலைத் தாழ்த்தி, “அவன் எனக்குத் தம்பிங்கிறதுக்காகச் சொல்லல. நீங்க அந்த எடத்துல மூச்சப் புடிக்கீங்க. என்னால பாக்க முடியல” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். செப நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகும் பல நாள் அந்த வரியை அண்ணன் சொன்னான், அப்பா சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளும் அவனை நிறுத்தச் சொல்லவுமில்லை, எதிரே நிற்காதே என்று இடம் மாற்றவுமில்லை.

அவர் சொன்ன நாள் ஒரு விசேஷமும் இல்லாத நாள். காற்றுகூட இல்லை. கப்பலிலிருந்து நாளெல்லாம் மூட்டை இறக்கி அலுத்துப்போய் வந்திருந்தார். அந்த இடத்தில் அவருடைய உதடு மூடியது, பிறகு திறந்தது. மணலில் தோணியை இழுக்கும்போது வருகிற சத்தத்தில், ஒவ்வொரு சொல்லாக, அந்த வரி வெளியே வந்தது. முதலில் கண்டுகொண்டது அண்ணன்தான். அவன் கண் அப்பாவின் வாயில் அப்படியே நின்றது. அம்மாவின் குரல் பாதியில் அறுந்தது. உபதேசியார் பையன்களைச் சொல்ல வைத்த பிறகும் அப்பாவுக்கு அந்த வரி கிடையாது என்றே நம்பியிருந்த எனக்கு மட்டும் தவறு ஒன்று நடந்துவிட்டதாகப் பட்டது. அப்பாவின் வேட்டியை இழுத்து, “அப்பா, அது ஒங்களுக்கு இல்லப்பா” என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்குந்தாம்மா” என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்நாளில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுவிடும் என்று சொல்லி, கடற்கரையோடு நடந்தே தருவைகுளம் போனார். அங்கே இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

என் புதுநன்மை அன்று மாமா வந்தார். பூசை முடிந்து நான் வெள்ளை உடுப்போடு வெளியே வந்தபோது கோயில் மதிலை ஒட்டி, கூட்டத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். அப்பாதான் போய் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வீட்டில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். மாமாவின் இலையில் அப்பா தன் கையால் மீன் துண்டு வைத்தார். மாமா அதைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவர் தொடையில் கையை ஊன்றி, “நாந்தானே மாமா கூட்டிட்டுப் போங்கன்னு ஒங்கள நச்சரிச்சேன்” என்று உரக்கச் சொன்னான். வீடு முழுக்கக் கேட்டது. மாமா அவனுக்குத் தெரியும்படி உதட்டை மெல்ல அசைத்து, “நீ சின்னப் பய. கூட்டிட்டுப் போனது நான்லா” என்றார். அப்பா அவர் இலையைக் காட்டி, “மீன் ஆறுது, சாப்பிடு” என்றார். மாமா சாப்பிட்டார். மீனில் முள் குத்திவிட்டதால்தான் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விளக்கினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. அண்ணனின் காது திரும்பவில்லை. கிறிஸ்மஸ் பூசையில் வேறு பையன் பாடினான். அன்று செபத்தில் அந்த வரி வந்தபோது அப்பா மறுபடி நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் சில சாயங்காலங்களில் அப்படி ஆகும். வாய் திறந்திருக்கும், சொல் வராது.

இன்று எனக்கும் வயதாகிவிட்டது. சொல்ல வராத செபத்தை முழங்காலில் நின்று காத்திருந்து சொல்ல எனக்கும் சில நாட்கள் வாய்த்திருக்கின்றன. அந்த வீட்டில் என்னைப் பிறக்கவைத்ததற்காக ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் எட்டு வயதில் எனக்கு இருந்த கவலை வேறு. அப்பாவுக்கு வயதாகிறது, மந்திரம் மறந்துபோகிறது என்று நினைத்தேன். அதனால் அவர் நின்றுவிடும்போதெல்லாம் பக்கத்தில் நகர்ந்து, அவர் காதோரம் அந்த வரியை மெல்ல எடுத்துக்கொடுப்பேன். அவர் ஒவ்வொரு சொல்லாக என் பின்னால் சொல்லுவார். பெரிய தோணியின் தண்டலுக்கே செபம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை.