பெட்டைக் குதிரைக்காரன்

நெடுந்தீவில் ஒருவன் எந்தக் குதிரையில் ஏறுகிறான் என்று தெரிந்தால் போதும், அவனுடைய குணத்தையும் குடும்பத்தையும் ஆழ்வாப்பிள்ளை புட்டுப் புட்டு வைத்துவிடுவார். கறுப்புக் குதிரைக்காரன் வழக்குக்கு அலைவான். புள்ளி விழுந்த குதிரையை வைத்திருப்பவன் இரண்டு பக்கமும் கதைப்பான். மேற்கு வெளியில் தன்பாட்டுக்கு மேய்ந்து திரிகிற மட்டக்குதிரையைப் பிடித்து ஏறுகிறவன் வீட்டில் நாளைக்கு உலை வைக்க அரிசி இருக்காது. பெட்டைக் குதிரையில் ஏறுகிறவனைப் பற்றி மட்டும் அவர் நீட்டி முழக்கமாட்டார். "பெண்சாதி சொல்லுக் கேக்கிறவன்" என்று சொல்லி முடித்துவிட்டு வெற்றிலையைத் துப்புவார்.

இந்தச் சாத்திரத்தை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. அவரே கண்டுபிடித்து, அவரே ஊருக்குச் சொல்லி, அவரே நம்பியும் கொண்டார். மற்றப்படி மனிதரில் குறை சொல்ல ஏலாது. பனங்காணி, மாடு, நல்ல தண்ணீர்க் கிணறு எல்லாம் இருந்தும், அயலில் ஒரு சாவீடு என்றால் பந்தல் கால் நட முதல் ஆளாய் நிற்பவர் அவர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்க்கு ஏற்ற குதிரையும் அவருக்குக் கிடைத்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு கொழும்பில் குதிரைப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள், பந்தயக் குதிரைகளை வாங்க ஆளில்லை என்று கேள்விப்பட்டவுடன் ரயில் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரும்போது செம்பட்டை நிறத்தில், அவரைப்போலவே நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு குதிரை கூட வந்தது. கடலைக் கண்டு அது மிரண்டதால் கண்ணைக் கட்டித்தான் தோணியில் ஏற்றினார்கள். ராசா என்று பெயர் வைத்தார்.

"சீமை இரத்தம். ஏறுறவனும் ராசா மாதிரி இருக்கவேணும்" என்றார் துறையில் கூடிய சனத்திடம்.

ராசாவுக்கோ பனையோலை சலசலத்தால் பயம். நெடுந்தீவில் பனையோலை சலசலக்காத இடம் எது? முற்றத்தில் ஓர் ஓலை விழுந்தால் கால் நான்கும் நடுங்கும். "பயமில்லை, இரத்தம் துடிக்குது" என்பார் ஆழ்வாப்பிள்ளை. அவருடைய மனைவி யோகம்மா அதைக் கேட்டுக்கொண்டு முற்றத்தைக் கூட்டுவாள்.

இவ்வளவும் விளையாட்டாகவே போயிருக்கும், வீட்டில் கலியாண வயதில் ஒரு பெண் இல்லாதிருந்தால். பாலாம்பிகை அவர்களுக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு யாராவது வந்தால், தேத்தண்ணி குடித்து முடிய முன்னமே ஆழ்வாப்பிள்ளை அவனை ராசாவில் ஏற்றிப் பார்ப்பார். சரவணை ஊரிலிருந்து வந்தவன் ஏறின மறுகணம் சாணிக் குவியலில் கிடந்தான். "நிமிர்ந்து இருக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்பிடி நிமிர்த்துவான்?" என்று அவனை அனுப்பிவிட்டார். புளியங்கூடலிலிருந்து வந்தவன் அழகாக ஓட்டினான். இறங்கியதும் குதிரையை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டான். "இவன் வந்தது பொம்பிளைக்கோ குதிரைக்கோ?" என்று அவனையும் அனுப்பிவிட்டார். இப்படியே பாலாம்பிகைக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தரகர் செல்வரத்தினம் சோமாஸ்கந்தனைக் கொண்டுவந்தார். தீவின் மேற்குப் பக்கத்துப் பொடியன், கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர், நல்ல குடும்பம். சாதகமும் பொருந்தியிருந்தது. ஆனால் அவன் வந்தது ஒரு மட்டக்குதிரையில். அதுவும் பெட்டை. வேலிப் படலையடியில் அதைக் கட்டாமலே விட்டுவிட்டு உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தான்.

சாதகம் பொருந்திவிட்டதே என்று ஆழ்வாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டார்.

"தம்பி, ராசாவிலை ஒருக்கா ஏறிக் காட்டும் பாப்பம்."

சோமாஸ்கந்தன் படலையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவனுடைய குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நின்றது.

"இல்லை ஐயா. சின்னாச்சி பாத்துக்கொண்டு நிக்கிறாள். நான் வேறை குதிரையிலை ஏறினா அவளுக்குப் பிடிக்காது. பிறகு வீட்டை போகேக்கை என்னை ஏத்தமாட்டாள்."

குசினிக்குள் யாரோ சிரித்தது கேட்டது. பாலாம்பிகைதான். அவள் வாய்விட்டுச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

சோமாஸ்கந்தன் போன பிறகு ஆழ்வாப்பிள்ளை வீட்டை இரண்டாக்கினார்.

"ஒரு பெட்டைக் குதிரையிட்டை உத்தரவு கேக்கிறான்! நாளைக்குப் பெண்சாதி நில் எண்டால் நிப்பான், இரு எண்டால் இருப்பான்."

"இருந்தா என்ன குறைஞ்சு போகும்?" என்றாள் யோகம்மா.

அதற்கு ஆழ்வாப்பிள்ளை இன்னும் பலமாகச் சத்தம் போட்டார்.

பாலாம்பிகை சத்தம் போடவில்லை. அடுத்த மாப்பிள்ளை வந்தபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்கடுத்தவன் வந்தபோதும் சாத்திக்கொண்டாள். செல்வரத்தினமும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். தங்களுக்குப் பிறகு பிள்ளை தனித்துப் போய்விடுமோ என்ற பயம் ஆழ்வாப்பிள்ளைக்கு வந்தது. ஆனால் அந்தப் பயத்தை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குக் குதிரையைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

ஆனி மாதம், சோளகக் காற்றுப் பிய்த்து அடிக்கிற காலம். மேற்கு வெளியில் விட்டிருந்த மாடுகளைப் பார்க்க ராசாவில் ஏறிப் போனார். ஒற்றைப் பனையைத் தாண்டும்போது காய்ந்த ஓலை ஒன்று காற்றில் கழன்று முன்னால் விழுந்தது. சீமை இரத்தம் துடித்த துடிப்பில் ஆழ்வாப்பிள்ளை கற்களுக்கு மேல் கிடந்தார். ராசா சற்றுத் தள்ளி, கூர்ங்கல் கிழித்த காலைத் தூக்கிக்கொண்டு நடுங்கி நின்றது. எழும்பப் பார்த்தார். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது, ஊன்ற ஏலவில்லை. வெயில் சுடத் தொடங்கியிருந்தது. தூரத்தில் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த வழியாகச் சங்கக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த சோமாஸ்கந்தன்தான் அவரைக் கண்டான். ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. கைத்தாங்கலாகத் தூக்கிச் சின்னாச்சியின் முதுகில் இருத்தினான். பிறகு தன் சால்வையை ராசாவின் கண்ணைச் சுற்றிக் கட்டி, அதன் கயிற்றைக் கையில் பிடித்தான்.

"போவம் ஐயா."

சின்னாச்சி அசையவில்லை. ஆழ்வாப்பிள்ளை நல்ல காலால் அதன் விலாவில் ஒன்று வைத்தார். அது குனிந்து புல்லைக் கடித்தது.

"அவளிட்டைக் கேளுங்கோ ஐயா."

"என்னத்தைக் கேக்கிறது?"

"வீட்டை கூட்டிக்கொண்டு போறியோ எண்டு."

"உமக்கென்ன விசரே?"

வெயில் ஏறிக்கொண்டே போனது. கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆழ்வாப்பிள்ளை நாலு பக்கமும் பார்த்தார். மனித சஞ்சாரம் இல்லை. மெல்லக் குனிந்து, "நட" என்றார்.

"அது ஏவுறது, கேக்கிறதில்லையே ஐயா" என்றான் சோமாஸ்கந்தன்.

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, வீட்டை போவமோ?"

சின்னாச்சியின் காது ஒன்று அவர் பக்கம் திரும்பியது. பிறகு நடக்கத் தொடங்கினாள்.

வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. நெடுந்தீவில் அப்படி ஒன்று நடந்ததில்லை. இந்தக் குரலில் இதுவரை தான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்பது அவருக்கு உறைத்தது. அவர் பிள்ளை என்று கூப்பிடுகிற இன்னொருத்தி வீட்டில் இருந்தாள். எத்தனை பேரைக் குதிரையில் ஏற்றி இறக்கியிருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

கல்வேலி ஒழுங்கைக்குள் நுழைந்தபோது சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. நெடிய மனிதர், கட்டைக் குதிரை. இரண்டு காலும் நிலத்தில் உரசாத குறை. பின்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு ராசா நொண்டி வந்தது.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை, அது பெட்டைக் குதிரையெல்லோ?" என்றது ஒரு குரல்.

"ஓம், பெட்டைதான். இப்ப அதுக்கென்ன?" என்றார் அவர்.

யோகம்மா ஐயோ என்று ஓடிவந்தாள். பின்னால் பாலாம்பிகை. இறக்கிவிட ஆட்கள் கை நீட்டினார்கள். ஆழ்வாப்பிள்ளை இறங்கவில்லை. இறங்கினால் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குதிரையில் இருந்தபடியே, ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, சற்று முன் பழகிய அதே குரலில் கேட்டார்.

"பிள்ளை, உனக்கு இந்தத் தம்பியிலை விருப்பமோ?"

பாலாம்பிகை தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஓம் அப்பு" என்றாள். பிறகு, "அவரையும் ஒருக்காக் கேளுங்கோ" என்றாள்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. ராசாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சோமாஸ்கந்தனின் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. ராசாவை அதற்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை. ஓலை விழாத ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நின்று தின்று கொழுத்துச் செத்தது. ஆழ்வாப்பிள்ளை சின்னாச்சியின் குட்டியில் ஏறி, கால் தரையில் உரசாத குறையாக, பேரப்பிள்ளைகளோடு மேற்கு வெளியைச் சுற்றிவந்தார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு கண் மூடும்வரை அவர் தன் சாத்திரத்தைக் கைவிடவில்லை. மருமகனை யாராவது விசாரித்தால், "பெட்டைக் குதிரைக்காரன், பெண்சாதி சொல்லுக் கேக்கிறவன்" என்றுதான் சொல்லுவார். வெற்றிலையைத் துப்புவதை மட்டும் விட்டுவிட்டார்.