மூன்றாவது அடுப்புக்கு ஒரு பிளக்

என் அண்ணன் முத்தரசு பன்னிரண்டு வருடங்களாக காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு கேஸ் பைப் போடுகிறான். வேதியியல் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் நான் அவனுக்குச் சோதனைப் படிவம் நிரப்பித் தருகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் இதற்குத்தானா படித்தாள் என்று தினமும் தோன்றும்.

போன வாரம் கானாடுகாத்தானில் சிட்டாள் ஆச்சி வீட்டில் வேலை. செட்டிநாட்டு வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால், ஒரே கூரைக்குள் தனிச் சமையல் வைத்துவிடுவார்கள். ஆச்சியின் மூத்த மகன்கள் இருவருக்கும் அப்படித்தான் நடக்கிறது. இளையவர் வள்ளியப்பன் கல்யாணமான கையோடு அமெரிக்கா போனார், ஆறு வருடமாகிறது. அவருக்கென்று ஒதுக்கிய சமையலறையில் பாத்திரங்கள் துடைத்து அடுக்கியபடியே இருந்தன.

"மூணு அடுப்புக்கும் லைன் குடுத்திருப்பா" என்றார் ஆச்சி.

சிலிண்டர்களை வெளியே காற்றோட்டமாக வைத்து, சுவரோரமாகச் செம்புக் குழாய் இழுத்தான் அண்ணன். குழாய்க்குள் காற்றடித்துப் பார்த்தோம், அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கவில்லை. கேஸைத் திறந்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினான்.

"கெமிஸ்ட்ரி படிச்சவுகளே, நுரை கொப்புளிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

எங்கும் கசிவில்லை. பிறகு மூன்றாவது அடுப்பைக் கழற்றப் போனான்.

"அதை ஏன்ப்பா கழட்டுற?"

"ஆள் இல்லாத அடுப்பு ஆச்சி. யாராச்சும் கை தவறித் திருப்பிட்டா, பூட்டுன அறைக்குள்ள கேஸ் நெறஞ்சிரும். பிளக் போட்டு அடைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அவன் திடீர்னு வந்து நின்னா?"

"ஒரு போன் போடுங்க, ஓடியாறேன்."

"நானும் ஆறு வருசமா போன்தான் போடுறேன்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பால் இருக்கா ஆச்சி? ஒருக்காக் காய்ச்சிருங்க. நாங்க பக்கத்துலயே நிக்கிறோம்."

அந்த அறையில் முதன்முதலாகப் பால் பொங்கியது. ஆச்சி எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

அண்ணன் வால்வை மூடி, அடுப்பைக் கழற்றி, பித்தளைப் பிளக்கை முறுக்கினான். அதன் மேலும் நுரை தடவிப் பார்த்தான்.

"இதைக் கழட்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

"அடுப்பை மாட்டிச் சோதிச்சுக் குடுக்க அரை மணி நேரம் ஆகும் ஆச்சி."

"அரை மணி நேரந்தானா" என்றார், பிளக்கைப் பார்த்தபடியே.

படிவத்தில் மூன்றாவது இணைப்புக்கு நேரே 'அடைக்கப்பட்டது' என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"முன்னாடி 'தற்காலிகமா'ன்னு சேத்துக்க. ஆச்சி படிப்பாக."

அந்தச் சொல் உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டு ஆச்சியிடம் நீட்டினேன்.