இருபத்துநாலாம் தேதிக் கட்டம்

பண்ணைக்காட்டில் சிவராமன் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, வால்வெள்ளிக்காரரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். பத்து வயசில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். கொடைக்கானல் ஏரிக்கரைக் கடையில் ஒரு பழைய பைனாகுலரை வாங்கிவந்த நாளிலிருந்து பிடித்தது அந்தப் பைத்தியம். ஆனால் ஊர் சொல்வதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி அவர் பெண்சாதி பெருமாயி. அதைச் சொல்ல வேண்டிய மனுஷன் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கதை.

திண்டுக்கல்லில் வானம் பார்க்கிறவர்களின் மன்றம் ஒன்று இருந்தது. செயலாளர் ஞானவேல், கல்லூரி வாத்தியார். மாதாமாதம் தபாலில் ஓர் அட்டவணை அனுப்புவார். எந்த வால்வெள்ளி, எந்தத் தேதியில், எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு வெளிச்சமாகத் தெரியலாம் என்று அதில் இருக்கும். பார்த்ததைக் கட்டத்தில் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும்.

இடம் குறிப்பதில் சிவராமன் கில்லாடி. நட்சத்திரப் படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, நாளுக்கொரு புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் வால்வெள்ளி போகிற பாதை வளைந்து வரும். ஞானவேல் கணக்குப் போட்ட பாதைக்கும் அதற்கும் மயிரிழை பிசகாது. வெளிச்சம் சொல்வதுதான் வராது. பைனாகுலரைக் கொஞ்சம் மங்கலாக்கினால் பக்கத்து நட்சத்திரங்களும் வால்வெள்ளி மாதிரியே பஞ்சாகப் பரவும். அப்போது எது தூக்கல், எது மட்டம் என்று பார்த்து எண் போட வேண்டும். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல். நம்ம ஆள் ஒரே வால்வெள்ளிக்கு இன்றைக்கு நாலு என்பார், நாளைக்கு ஐந்தரை என்பார். அது என்ன சந்தை விலையா, ஏறி இறங்க?

2005 சனவரியில் மாக்ஹோல்ஸ் வால்வெள்ளி வந்தபோது, காப்பி கொண்டுவந்த பெருமாயி, "இங்கிட்டுத் தாங்க, நானும் பாக்குறேன்" என்று பைனாகுலரை வாங்கினாள். காப்பிக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருஷமாகக் கொட்டை பொறுக்குகிறவள். ஆயிரம் கொட்டை ஓடுகிற பலகையில் அரை நிறம் கம்மியான ஒன்றை விரல் தானாக எடுத்துவிடும்.

"மேல இருக்கே, அதுக்கு ஒரு பிடி கம்மி. கீழ இருக்குறதுக்கு ரெண்டு பிடி கூட" என்றாள்.

சிவராமன் அந்த இரண்டு நட்சத்திரங்களின் எண்களைப் புத்தகத்தில் பார்த்துக் கணக்குப் போட்டார். நாலு புள்ளி ஒன்று வந்தது. "பிரமாதம் சார், எல்லாரோட சராசரியும் அதேதான்" என்று ஞானவேல் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து இடம் அவருடையது, வெளிச்சம் அவளுடையது. அந்த வால்வெள்ளி வடக்கே ஏறி ஏறிப் போக, பதினைந்து நாள் அவள் அந்தப் பக்கத்து நட்சத்திரங்களையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாகப் பழகிக்கொண்டாள்.

பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் சிவராமன் என்றே போனது. "ஒரு பேருக்குத்தாம்புள்ள எடமிருக்கு" என்பார். "யாரு பேரா இருந்தா என்னங்க" என்று அவளும் சிரித்துவிடுவாள். மன்றத்து ஆண்டுவிழாவில் 'பழனி மலையின் கூர்மையான கண்' என்று எழுதி ஒரு கேடயம் கொடுத்தார்கள். மனுஷன் கூச்சமே இல்லாமல் வாங்கிவந்து டிவி மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்தவளும் பெருமாயிதான்.

2007 அக்டோபர் இருபத்துநாலாம் தேதி. அட்டவணைப்படி மேற்கே அந்தி வெளிச்சத்தில் ஒரு வால்வெள்ளி தெரிய வேண்டும். அதற்காக ஒரு வாரமாகத் தவம் கிடந்தார். அன்றைக்கும் மேற்கில் மட்டும் மேகம் வந்து அடைத்துக்கொண்டது. எரிச்சலோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒன்பது மணி இருக்கும், கழனித்தண்ணி கொட்டப் போன பெருமாயி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, வெரசா வாங்களேன். வடகெழக்க, அந்த மாக்ஹோல்ஸ் போன எடத்துல ஒண்ணு கூடுதலா இருக்கு. மஞ்சளா."

"அட்டவணையில அங்க ஒண்ணும் இல்ல."

"அட்டவணைய விடுங்க. அங்க எனக்குத் தெரியாத நச்சத்திரமா? இது புதுசு. எழுதிக்கிடுங்க, வெளிச்சம் சொல்றேன்."

"பௌர்ணமிக்கு ரெண்டு நாள் இருக்கு. இந்த நிலா வெளிச்சத்துல என்னத்தைக் கண்ட?" என்றவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. "காப்பிக்கொட்டை பொறுக்குற கண்ணு, இப்ப வானத்தையே பொறுக்க வந்திருச்சோ?"

சோற்றுக் கையோடு இரண்டு எட்டு நடந்து பார்த்திருந்தால் முடிந்தது. நடக்கவில்லை, பாவி மனுஷன். பெருமாயி உள்ளே வந்து பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

இரண்டு நாள் கழித்து ஞானவேல் செல்போனில் கூப்பிட்டார். குரல் பதறியது. ஹோம்ஸ் என்று ஒரு பழைய வால்வெள்ளி, பெரிய தொலைநோக்கியில்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டிய தூசி, திடீரென்று லட்சக்கணக்கான மடங்கு பிரகாசமாகி வெறுங்கண்ணுக்கே தெரிகிறதாம், வடகிழக்கில்.

"இருபத்துநாலாம் தேதி நம்ம மன்றத்துல ஒருத்தரும் பாக்கல சார். வெளிச்சம் ஏறிக்கிட்டிருந்த நேரம் அது. உங்க கண்ணு மட்டும் பாத்திருந்தா அந்த ஒரு எண் போதும். பாத்தீங்களா?"

சிவராமன் நிமிர்ந்தார். அடுப்படி நிலையில் சொளகும் கையுமாகப் பெருமாயி நின்றிருந்தாள். 'என் வீட்டுக்காரி பார்த்தாள்' என்று சொன்னால், இதுவரை பார்த்தது யார் என்ற கேள்வி வரும். டிவி மேல் கேடயம் மினுங்கியது.

"இங்க... இங்க மேகம் சார்."

அவள் திரும்பி உள்ளே போனாள். சிவராமன் அந்த மாத அட்டவணையில் இருபத்துநாலாம் தேதிக்கு நேரே 'மேகம்' என்று தன் கைப்படவே எழுதி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது பதினாறு மாசம் தாங்கியது. தாங்கி என்ன பிரயோசனம்? ஹோம்ஸைப் பார்க்கக் கூப்பிட்டார். "சோலி கெடக்குங்க" என்றாள். அடுத்த வால்வெள்ளிக்கும் சோலி கெடந்தது. சண்டையில்லை, முகத்திருப்பல் இல்லை. சோறு சூடாக வந்தது, சட்டை துவைத்து வந்தது. கேடயத்தின்மேல் மட்டும் தூசி ஏறியது. சிவராமன் ஒற்றை ஆளாகப் பாறையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த எண்ணை எழுதினார். தோளுக்குப் பின்னாலிருந்து "ஒரு பிடி கம்மி" என்று கேட்காதா என்று இருக்கும். அழுகைகூட வந்திருக்கிறது.

2009 பிப்ரவரியில் லூலின் வால்வெள்ளி வந்தபோது ஞானவேல் கேட்டேவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், கண் டாக்டர்கிட்டக் காட்டினீங்களா? ஹோம்ஸ் வந்ததுலேருந்து உங்க எண் ஒண்ணுகூடச் சேரல."

"அது எங்கண்ணே இல்ல சார்" என்றார் சிவராமன். அடைத்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. கொட்டை பொறுக்குகிற கண் என்று சொன்னதுவரை ஒன்றையும் மறைக்கவில்லை.

ஞானவேலுக்கு அந்த இருபத்துநாலாம் தேதி ஞாபகம் வந்தது. "அன்னைக்கு மேகம்னு சொன்னீங்களே?"

"மேற்க மட்டுந்தான் சார். வடகெழக்க பளிச்சுன்னு இருந்துச்சு."

"அம்மாகிட்ட அந்த எண்ணைக் கேளுங்க. எத்தனை மாசமானாலும் சரி, எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டாங்கன்னு ஞாபகம் இருந்தாப் போதும். அவங்க பேர்லயே சேத்துடுறேன்."

சிவராமனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பழைய பிரதியைத் தேடி எடுத்தார். 'மேகம்' என்பதை அடித்தார். பெயர்க் கட்டத்தில் பெருமாயி என்று எழுதினார். எண்ணுக்கு இடம் விட்டு, அடுப்படிக்குக் கொண்டுபோனார். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு எம்மேலதாம்புள்ள. சார்கிட்டச் சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன். இந்தா பாரு, ஒம்பேரு. அன்னைக்கு வெளிச்சம் எவ்வளவு இருந்துச்சு, சொல்லு."

பெருமாயி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். தன் பெயரைப் பார்த்தாள். அடித்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்கு மறந்திருக்காது என்று சிவராமனுக்குத் தெரியும். எந்த வருஷம், எந்தத் தோட்டத்து மூட்டை ஈரமாக வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறவள் அவள். பேனாவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

அவள் தாளை மடிக்காமல் அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அன்னைக்குத்தான் மேகமாச்சேங்க" என்றாள். "மேகத்துல எனக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போவுது?"