ராணுவத்துக்கு வரி இல்லையாம்

மண்ணூர்பேட்டையில் அண்ணனும் நானும் சின்னதாக ஒரு போல்ட் பட்டறை நடத்துகிறோம். ஐரோப்பாவில் ஒரு டிராக்டர் கம்பெனி எங்களிடம் போல்ட் வாங்கியது. அந்த ஒரே ஆர்டரில்தான் பட்டறை ஓடியது. அது நின்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

அதற்குத்தான் ஐரோப்பாக்காரர்கள் வேட்டு வைத்தார்கள். வெளிநாட்டு இரும்புச் சாமான் இனி அங்கே இறங்கினால், அதைச் செய்யும்போது வந்த கரிப்புகைக்கு வரியாம். எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட், அயனம்பாக்கத்தில் பிளாட்டில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண், பட்டறையை வீடியோவில் காட்டச் சொன்னாள். அண்ணன் முந்தின நாளே உலையை அணைத்து, புகைபோக்கிக்கு வெள்ளையடித்து வைத்தார்.

"பாரும்மா, பொகையே இல்ல. சுத்தமா கீது."

அவள் சிரிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியற புகை இல்லீங்கண்ணா. கிலோவுக்கு எவ்வளவுன்னு கணக்கு வேணுங்க. கம்பி செஞ்ச மில்லோட கணக்கும் சேர்த்து."

போல்ட் அடிக்கும் கம்பியை நாங்கள் கடையில் வாங்குகிறோம். எந்த மில் என்று கடைக்காரருக்கே தெரியாது. கணக்கு இல்லையென்றால் அவர்களாகவே பெரிதாக ஒரு அளவைப் போட்டு, வாங்குகிற கம்பெனியிடம் வரி கறப்பார்களாம். டிராக்டர் கம்பெனி எங்களைக் கைகழுவிவிட்டது.

செங்கடலில் சண்டை என்று எங்கள் கடைசிச் சரக்கு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கப்பல் கூடுதலாகக் கக்கிய புகைக்கு யார் வரி கட்டுவது என்று கேட்டேன். "அது இந்தக் கணக்குல வராதுங்க மேடம்" என்றாள். குண்டு விழுந்து எரிகிற ஊர்களின் புகையை எவன் அளந்து பார்க்கிறான்? எங்கள் உலைதான் உலகத்தைக் கெடுக்கிறதாக்கும்.

பட்டறை வேலையில்லாமல் கிடந்தபோது, போன மாதம் அவளே மறுபடி கூப்பிட்டாள். அதே போல்ட், இன்னும் அதிகமாக வேண்டுமாம். இந்த முறை ஐரோப்பாவிலேயே ராணுவ வண்டிகளுக்கு.

"பொகை கணக்குக்கு இன்னா பண்றது?" என்று அண்ணன் கேட்டார்.

"ராணுவத்துக்குப் போற சாமானுக்கு அந்த வரி இல்லீங்கண்ணா. சட்டத்துலயே விலக்கு இருக்குங்க."

போனைப் பிடுங்கி, உழுகிற வண்டிக்கு வரி, ஊரை இடிக்கிற வண்டிக்கு விலக்கா என்று கத்தினேன். சட்டத்தை அவளா போட்டாள், பாவம். அண்ணன் போனைக் கையால் பொத்தினார்.

"வாணாம்னா சொல்லு, வுட்டுரலாம். பட்டறை ஆளுங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

அந்த வண்டிகள் எந்தச் சண்டைக்குப் போகின்றன என்று ஏஜென்டிடம் கேட்டேன்.

"அதெல்லாம் நம்மகிட்டச் சொல்ல மாட்டாங்க மேடம்."

சரி, அனுப்புகிறோம் என்று சொன்னது என் வாய்தான்.