பிள்ளையார் நூலும் பிரித் நூலும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் சிறுவர் விடுதியில் நடந்தது இது. ஏழு வயது மகளுக்குக் காதில் சத்திரசிகிச்சை. சின்ன விஷயம்தான் என்றார்கள்; பெற்றவளுக்குச் சின்னது பெரியது உண்டா? கணவருக்கு ஸ்தவாங்கரில் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. நகரின் குரோருட் பகுதியிலிருந்து நானும் மகளும் மட்டும் வந்திருந்தோம்.

முதல்நாள் பிள்ளையார் கோயிலில் அவள் கையில் நூல் கட்டியிருந்தேன். பயத்தில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருக்கிறேன் போலும். நூலுடன் சத்திரசிகிச்சை அறைக்குள் போகக்கூடாது என்று தாதி கத்தரிக்கோலோடு வந்தார். மகள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீரிட்டாள்.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ அம்மா! வெட்டினால் பிள்ளையார் என்னோடை வரமாட்டார்."

தாதி நேரத்தைப் பார்த்தார். இன்று தவறினால் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்; அசையவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனைச் சற்று முன்தான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவனுடைய தாய் தொலைபேசியில் சிங்களம் பேசியதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இலங்கையில் போர்க்காலத்தில் படையினர் அதட்டிய சோதனைச்சாவடிச் சிங்களம். கேட்டாலே உடம்பு தானாக இறுகிவிடும். அவள்தான் எழுந்து வந்து, கொண்டையூசியால் முடிச்சுகளைப் பொறுமையாக அவிழ்த்தாள். தன் மணிக்கட்டையும் என் மகளிடம் காட்டினாள். அங்கே பிக்கு பிரித் மந்திரம் ஓதி அவள் மகனுக்குக் கட்டிய வெள்ளை நூல். அவன் திரும்பும்வரை அம்மாவிடம் இருக்குமாம்.

ஒரே தீவில் பிறந்த நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் பேசிக்கொண்டோம். இது எந்தக் கோயில் நூல் என்று கேட்டாள். பிள்ளையார் என்றேன்.

"கண தெய்யோ!" என்று பிள்ளையாரைத் தன் மொழியில் அழைத்து, நூலைக் கண்களில் ஒற்றினாள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்கு எழுத்துத் தொடக்கும்போது அவரையும் கும்பிடுவார்களாம். இதுகூடத் தெரியாமல் அந்தத் தீவில் வளர்ந்திருக்கிறேன்!

நூலை என் கையில் கட்டிவிட்டாள். "கழட்டப்படாது, சரியோ?" என்று எனக்குக் கட்டளையிட்டுவிட்டு மகள் உள்ளே போனாள்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து பையனின் தாய் பிரித் முணுமுணுக்க, நான் தேவாரம் முணுமுணுத்தேன். மகளின் பெயரைக் கேட்டு அதையும் தன் பிரித்துக்குள் சேர்த்துக்கொண்டாள். நானும் அவளுடைய பையனைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்தேன். எப்போது கைகோத்தோம் என்று நினைவில்லை.

கதவு திறந்தது. "அம்மா யார்?" என்றார் தாதி. இருவருமே எழுந்துவிட்டோம். வந்தது அவளுடைய மகன், நலமாக. அழுதது நான். என்னை விட்டுப் போகத் தயங்கியவளை நான்தான் தள்ளி அனுப்பினேன். சற்று நேரத்தில் என் மகளும் வந்துவிட்டாள்.

யாருடைய பிள்ளைக்காக யாருடைய கடவுளிடம் கேட்டோம் என்று ஆராய அன்று எங்களுக்கு நேரமில்லை. இன்று நேரமிருந்தும் எனக்கு மனமில்லை.