வண்டி எதையெல்லாம் செய்யாது

கார் ஷோரூமில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒன்றேகால். புது வண்டியை வாங்க வருபவரிடம் சாவியைக் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டி அனுப்புவதுதான் அவர் வேலை. மற்றவர்கள் அதை இருபது நிமிடத்தில் முடிப்பார்கள். அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

வண்டி செய்வதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் வண்டி செய்யாததைச் சொல்லத்தான் போகும். இந்தக் காற்றுப் பை விரியும், ஆனால் பெல்ட் போடாமல் இருந்தால் உங்கள் மூக்கையும் சேர்த்து உடைக்கும். இந்த பின்பக்க கேமரா காட்டும், ஆனால் சேறு பட்டால் சேற்றைத்தான் காட்டும். வண்டிக்கு யார் யார் வந்திருக்கிறார்களோ அத்தனை பேரையும் உள்ளே உட்காரவைத்து, பெல்ட் மாட்டவைத்து, கழற்றவைத்து, மறுபடி மாட்டவைப்பார். போட்டோ எடுக்க வந்த மாமியார்கள் சலித்துக்கொள்வார்கள். மருமகள்கள் அவரை ரசிப்பார்கள். விற்பனைப் பையன்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. "வாங்கின சந்தோஷத்தோட வர்றவங்கள பயத்தோட அனுப்புறாரு" என்பது அவர்களின் புகார். அவர் அதை மறுத்ததில்லை.

காலையில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. ஷோரூமுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் பள்ளிக்கூடம். பதினோரு வருடத்துக்கு முன் முதலாளி ஊருக்கு நல்லது செய்ய ஆசைப்பட்டார். பேப்பரில் போட்டோ வரவேண்டும் என்பதும் அந்த ஆசைக்குள் இருந்தது. காலை எட்டேகாலிலிருந்து எட்டே முக்கால் வரை ஒரு ஆள் ஷோரூம் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைக்க வேண்டும் என்று சொன்னார். போட்டோ வந்தது. முதலாளி மறந்துவிட்டார். அனுப்பப்பட்ட ஆள் மறக்கவில்லை. மழை, வெயில், ஜலதோஷம் எதுவானாலும் எட்டேகாலுக்கு வெள்ளைக் கோட்டருகே நிற்பார். அங்கே அவர் பெயர் ரோட்டு சார்.

அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே சட்டம். அவர் கை மேலே இருந்தால்தான் கோட்டைத் தாண்டலாம். சாலை காலியாக இருந்தாலும் கூடாது. டிரைவர் சிரித்தாலும் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் கூடாது. இதைச் சொல்வதிலும் செய்யக் கூடாத பகுதிதான் நீளம்.

புது மேனேஜர் வந்த இரண்டாவது வாரம், வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல சட்டை. தினமும் அரை மணி நேரம் ஒரு மூத்த ஊழியர் தெருவில் நிற்பது எதற்கு என்று கேட்டார். இப்போது வருகிற வண்டிகளே ஆளைப் பார்த்தால் தானாக நிற்கின்றன. ஷோரூம் பெயர் போட்ட ஒரு மின்னும் போர்டு வைத்துவிட்டால் போதாதா என்றார். போதாது என்றார் இவர். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தார். பதினைந்தாவது நிமிடத்தில் மேனேஜருக்கு போன் வந்தது.

முடிவு இப்படி ஆனது: சனிக்கிழமை ஷோரூம் முற்றத்தில் பாதுகாப்பு நாள். பிள்ளைகள், பெற்றோர், தலைமையாசிரியை எல்லோரும் வருவார்கள். வண்டி தானாக நிற்பதை ஒன்றேகாலே ஓட்டிக் காட்டுவார். அங்கேயே போர்டு அறிவிக்கப்படும். திங்கட்கிழமை முதல் அவர் சாலைக்குப் போக வேண்டியதில்லை. அதாவது தன் கையாலேயே தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி முன்னால் நிறுத்த ஒரு பொம்மை தேவைப்பட்டது. பழைய சோபா பஞ்சை அடைத்து, பள்ளிச் சீருடை மாட்டி, ஒரு பந்தைத் தலையாக்கினார்கள். சும்மா நிற்கிறது, எதற்கும் வாய் திறப்பதில்லை என்பதால் அதற்கு டிரெயினி என்று பெயர் வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. முன் கேமரா மறைந்திருக்கிறது என்று எழுத்து ஓடியது. இறங்கிப் பார்த்தார். முன் கண்ணாடியின் நடு உச்சியில், கேமராவுக்கு நேராக, உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். பாதுகாப்பே எங்கள் பெருமை என்ற வாசகம், அதற்குக் கீழே முதலாளியின் சிரித்த முகம். மேனேஜரே தன் கையால், அளவெடுத்து, கோணாமல் ஒட்டியிருந்தார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே" என்றார் மேனேஜர். முதலாளி வரும் நேரத்தில் முதலாளி முகத்தை உரிப்பதாவது. விடுங்கள், வண்டிக்கு ராடாரும் இருக்கிறது, ஓடும் என்று சொல்லிவிட்டு மைக் செட்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் மகளுக்கு போன் போட்டார். அவளுக்கு வேறு ஊரில், இதே மாதிரி கேமராக்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை.

"ஏம்மா, கேமராவ மறைச்சுட்டா வண்டி ஆளப் பார்த்து நிக்குமா?"

"உங்க வண்டியில நிக்காதுப்பா. யாரு மறைச்சது?"

"முதலாளி."

"அவரு எதுக்கு மறைக்கிறாரு?"

"நேர்ல வந்து மறைக்கல. மூஞ்சி மட்டும்."

அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு போர்டு விஷயத்தைச் சொன்னார். இந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தால் வண்டி டிரெயினியை இடிக்கும், ஊர் முன்னால் மானம் போகும், போர்டுப் பேச்சு அதோடு நின்றுபோகும், திங்கட்கிழமை எட்டேகாலுக்கு அவர் கோட்டருகே இருப்பார். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

"அப்போ விட்டுடுங்கப்பா. நீங்களா ஒட்டினீங்க?"



"நிக்கிற வண்டிய நிக்காதுன்னு காட்டச் சொல்றியாம்மா?"

அவர் போனை வைத்துவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து, முதலாளியின் முகத்தை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். கிழியவில்லை. ஃபைல் கவர் ஒன்றின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி வைத்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

பத்து மணிக்கு முற்றம் நிறைந்தது. முதலாளி முன்வரிசையில், தலைமையாசிரியை பக்கத்தில். டிரெயினி நடுவில், வழக்கம்போல் பேசாமல் நின்றது. அவர் வண்டியை இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்தார். வாழ்நாளெல்லாம் எல்லோரிடமும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று சொன்ன மனுஷன், எல்லோரும் பார்க்கக் காலை எடுத்தார். முகம் அப்போது பல் பிடுங்கக் கொடுத்தவரின் முகம் மாதிரி இருந்தது. வண்டி அலறியது. குலுங்கியது. டிரெயினியின் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கைதட்டல். மேனேஜர் மைக்கை எடுத்து போர்டை அறிவித்தார். இனி ஒரு மனிதரைத் தெருவில் நிறுத்திக் கஷ்டப்படுத்தத் தேவையில்லை என்றார். பதினோரு வருட சேவைக்கு நன்றி என்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கையோடு மைக்கையும் அவர் வாங்கிக்கொண்டார்.

"வண்டி செஞ்சத சார் சொல்லிட்டாரு. செய்யாதத நான் சொல்லிடுறேன்."

விற்பனைப் பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் நாற்காலி தேடி உட்கார்ந்தே விட்டான். அவர் காலை வெயில் நேரே கண்ணாடியில் அடிப்பதைப் பற்றிச் சொன்னார். நிறுத்திவைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஓடிவரும் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். மேனேஜர் ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தார். பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் அவர் மைக்கை விட்டுவிட்டு, ஃபைல் கவரிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினார். காலையில் இது இங்கேதான் இருந்தது என்றார். வண்டியை மறுபடி ஓட்டி வந்தார். மறுபடி காலை எடுத்தார்.

வண்டிக்கு டிரெயினி கண்ணில் படவே இல்லை. டிரெயினி பறந்தது. உடல் பூந்தொட்டியில் விழுந்தது. தலை உருண்டு உருண்டு முன்வரிசைக்குப் போய் முதலாளியின் ஷூவில் தட்டி நின்றது. பிள்ளைகள் முதல் தடவையைவிடப் பலமாகக் கைதட்டி, இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள்.

முதலாளி தலையைக் குனிந்து எடுத்தார்.

"அப்போ என் மூஞ்சியாலதான் இது அடிபட்டுச்சுன்றீங்க."

"மூஞ்சில ஒண்ணும் இல்ல சார். ஒட்டின இடம்."

யாரும் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவும் இல்லை, அடக்கவும் இல்லை. இந்தச் சாலையில் போகிற வண்டியெல்லாம் உங்களிடம் வாங்கியதுதானா என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பந்தோடேயே கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினார். திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஒரு டெலிவரி அவருக்கு. டெலிவரியைப் பாதியில் விட்டு யாரும் நகரக் கூடாது. சாலைப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. அவர் சரி என்றார். வீட்டுக்கு வந்து சுவர்க்கடிகாரத்தைப் பெட்டியோடு பரணில் வைத்தார்.

திங்கட்கிழமை போர்டு மின்னியது. அழகாகத்தான் மின்னியது. பிள்ளைகள் வந்தார்கள், கோட்டருகே வரிசையாக நின்றார்கள். கை எதுவும் மேலே இல்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

சாலை காலியானது. நின்றார்கள். ஒரு வண்டி நின்று, டிரைவர் போங்கள் என்று கையசைத்தார். அவர் சிரிக்கவும் செய்தார். அது இன்னும் மோசம், நின்றார்கள். ஒரு அப்பா பொறுமையிழந்து மகளைக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் போர்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். ரோட்டு சார் வரட்டும் என்றாள். எட்டே முக்காலுக்கு நடைபாதையில் இடமில்லை. பின்னால் வந்தவர்கள் ஷோரூம் படியில் ஏறினார்கள். அப்புறம் கதவைத் தள்ளி உள்ளே வந்தார்கள். கண்ணாடியெங்கும் விரல் தடம். காட்சிக்கு வைத்த வண்டிகளில் ஏறி உட்கார்ந்தார்கள், ஏறின உடனே பெல்ட் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தன் ஹார்ன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தான். பிறகு எல்லோரும் கண்டுபிடித்தார்கள்.

அவர் பின்பக்க டெலிவரி அறையில் இருந்தார். சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் போலத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை. வண்டி வாங்கிய, எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்த பல் டாக்டரிடம், ஈரச் சாலையில் பிரேக் எதைச் செய்யாது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் அடிக்கடி நின்றது. டாக்டரே இரண்டு முறை, வெளியே ஏதோ நடக்கிறதே, போய்ப் பாருங்களேன் என்றார்.

மேனேஜர் வந்து வாசலில் நின்றார். சட்டை கசங்கியிருந்தது. அதுவரை அவரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே. கொஞ்சம் வர்றீங்களா?"

"டெலிவரி பாதியில இருக்கு சார். நகரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

"அண்ணே, அதுங்க நான் சொன்னாலும் கடக்க மாட்டேங்குதுங்க. கைய தூக்கி நின்னேன். இது ரோட்டு சார் கை இல்லன்னுடுச்சுங்க."

அவர் வாழ்க்கையில் பழிவாங்கியது அந்த ஒரு முறைதான். அது நாலு நிமிடம் நீடித்தது. ஈரச் சாலைப் பகுதியை முடித்தார். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. சாலை நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார். நூற்று நாற்பது பிள்ளைகளும் ஆறு நிமிடத்தில் அந்தப் பக்கம் போனார்கள். பள்ளி மணி எப்போதோ அடித்துவிட்டிருந்தது.

அவரைச் சாலைக்குப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. போகக் கூடாது என்றும் அப்புறம் யாரும் சொல்லவில்லை. போர்டுக்குக் கீழேயே இன்னும் நாலு வருடம் நின்றார். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மகள் வந்து சேர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

துக்கம் கேட்க தலைமையாசிரியை வந்தார். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அவர்தான் மகளுக்குச் சொன்னார். அப்பா போனில் அதைச் சொன்னதே இல்லை. டெலிவரி கொஞ்சம் நீண்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"நூத்தி நாப்பது பேரையும் லேட்டுன்னு எழுத முடியுமா? அதனால ஒருத்தர மட்டும் எழுதிட்டேன்."

கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேட்டை எடுத்தார். தாமதமாக வந்தவர்கள் என்ற பக்கத்தில் அந்தத் தேதிக்கு ஒரே வரி. பெயர்: ரோட்டு சார். வந்த நேரம்: ஒன்பது பன்னிரண்டு. காரணம்: விடவில்லை. பெற்றோர் கையெழுத்து என்ற கட்டம் காலியாக இருந்தது.

மகள் பேனா கேட்டாள்.